வாகனம் ஓட்டும்போது கவனச்சிதறல் என்றால் என்ன? அது ஏன் ஆபத்தானது?

ஓட்டுபவரின் கண், கை, மனம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சாலையை விட்டு வேறொன்றில் ஈடுபடுவதே கவனச்சிதறல். கைப்பேசியில் வந்த செய்தியைப் படிப்பது இம்மூன்றையும் ஒருசேரப் பறித்துக்கொள்வதால் அதுவே மிக மோசமானது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால், 66 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலேயே ஓட்டியதாகும். பிரேக்கை மிதித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் இதில் சேராது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில், முன்னே போகும் சரக்கு லாரி வேகம் குறைக்க அந்த மூன்று நொடி தாராளம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருப்பவருக்கு, பால் பொங்கி வழிந்த பிறகுதானே நினைவு வருகிறது?

வழிகாட்டும் வரைபடத்தைப் புறப்படும் முன்பே அமைத்துவிடலாம். அழைப்பு அவசரமானால் இறக்கத்தில் ஓரங்கட்டாமல், கணவாயைத் தாண்டி, பெட்ரோல் பங்க் போன்ற இடத்தில் நிறுத்திப் பேசுவதே முறை.

புளூடூத்தில் பேசினால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அப்போதும் மனம் உரையாடலிலேயே இருக்கிறது, மேலும் பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் போலச் சாலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்த, மறுமுனையில் இருப்பவருக்கு முன்னே போகும் லாரி தெரியாது.