சின்ன ஊரில் யாருக்கும் தெரியாமல் காதலிக்க முடியுமா?

முடியாதுங்க. அதிலும் சென்னிமலையில் சுத்தமாக முடியாது. பேக்கரியில் நின்று டீ குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்வதற்குள், கூட என்ன தின்றோம் என்பது வரை அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. அப்பா போர்வை நெய்கிறவர், நான் பெருந்துறையில் வேலைக்குப் போகிறவன். எங்கள் ஊரில் பெட்ஷீட் கடைக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்று அவளுடைய அப்பாவுடையது, சாயங்காலம் கல்லாவில் அவள் இருப்பாள். பேச ஒரு சாக்கு வேண்டுமே என்று உள்ளே போய் ஒரு போர்வை வாங்கினேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் சம்பளம் வந்தாலே போர்வை. தறிக்காரர் மகன் காசு கொடுத்துப் போர்வை வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா?

மனசில் இருப்பதை மலைப்படியில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு கிருத்திகை அன்று போனேன். முருகன் கோயிலுக்கு 1320 படி. மேலே போக வண்டிப் பாதையும் இருக்கிறது, ஆனால் வண்டியில் போனால் அவளோடு எப்படிப் பேசுவது? பாதி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. போதாததற்கு எதிரே இறங்கி வருகிற ஆளெல்லாம் தெரிந்த ஆள். அவள் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, போர்வை தீந்துபோச்சுங்களா?" என்றாள். அவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது!

விஷயம் அப்பா காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. நான் வாங்கி வைத்திருந்ததை வாசலில் விரித்துக் கரையோரம் தடவிப் பார்த்தார். கைத்தறியில் நெய்யும்போது துணி அகலம் குறையாமல் இருக்க, ஊசி வைத்த கட்டையால் இரண்டு கரையையும் இழுத்துப் பிடிப்பார்கள். அந்த ஊசித் துளை ஓரத்தில் தெரியும். இதில் இல்லை. "விசைத்தறியில ஓட்டுனது. போர்வையெல்லாம் கைத்தறிக்குத்தான்னு 1985லயே சட்டம் போட்டாச்சு. கைத்தறின்னு சொல்லியா குடுத்தாங்க?" என்று ஆரம்பித்தவர், ராத்திரிச் சோறு ஆறும் வரை சட்டத்தைத்தான் பேசினார். என் காதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு நேராகக் கடைக்கே போய்விட்டார். அவள் அசரவில்லையாம். "கைத்தறின்னு நான் சொல்லவே இல்லீங்க மாமா. அவரு ஒருநாளும் துணியைப் பாத்து வாங்குனதில்லீங்க" என்றிருக்கிறாள். திரும்பி வந்த அப்பா சட்டத்தை மறந்திருந்தார். "அந்தப் புள்ள மாமான்னு கூப்பிடுது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வீடும் ஒரே சாதி. அது வேறாக இருந்திருந்தால், இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துப் பரப்பிய இதே ஊர் வேறு முகம் காட்டியிருக்கும். ரகசியம் காப்பது பற்றிக் கேட்கிற நீங்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. அப்பா நெய்கிற போர்வை இப்போது அந்தக் கடைக்குத்தான் போகிறது. விலை பேசுவது அவள்தான். "மாமான்னு வாய் நிறையக் கூப்பிடுறா, ஒரு ரூவா சேத்திக் குடுக்க மாட்டேங்கறா" என்று அப்பா பேக்கரியில் புலம்புவதாகக் கேள்வி.