மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கார் என்னவாகும்?

கேள்வி: என் அண்ணன் ஜவுளி வியாபாரத்தில் நொடித்துப்போய், திவால் மனு போட (மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க) இருக்கிறார். நிதி நிறுவனக் கடனில் வாங்கிய காருக்கு இன்னும் 14 தவணைகள் பாக்கி. மனுவுக்கு முன்பே காரை அண்ணி பெயருக்கு மாற்றிவிட்டால் அது தப்புமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: அந்த எண்ணத்தை உடனே கைவிடச் சொல்லுங்கள் சகோதரி. ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை, அதன் சம்மதமின்றிப் பெயர் மாற்ற முடியாது. அப்படியே மாற்றினாலும், சேலத்துக்குப் பொருந்துகிற 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புநிலைச் சட்டத்தின்படி, மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் உரிய விலை பெறாமல் கைமாறிய சொத்தை மீட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடன்காரர்களை ஏமாற்றுவதற்காகச் சொத்தை மறைத்தது உறுதியானால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். அண்ணி தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டி என்றால் கதை வேறு. அது அண்ணனின் சொத்தில் சேராது.

நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும், அவருடைய சொத்துகள் நீதிமன்றத்திடமோ சொத்துகளைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் அதிகாரியான ரிசீவரிடமோ போய்ச் சேரும். கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர், மாடு, விதைநெல் போன்றவற்றுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. அந்தப் பட்டியலில் கார் இல்லை.

ஆனால் கடன் பாக்கியுள்ள காரில் முதல் உரிமை நிதி நிறுவனத்துக்கே. திவால் மனு அந்த உரிமையைத் தடுக்காது. பலர் இதை அறியாமல், மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் தவணையும் நின்றுவிடும், வண்டியும் வீட்டிலேயே நிற்கும் என்று நம்பி ஏமாறுவது வேதனை தருகிறது. நிறுவனம் காரை விற்று, பாக்கிக்கு மேல் வந்த தொகையை ரிசீவரிடம் தர வேண்டும்; விலை போதாவிட்டால், மீதிக்கு மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை 2007-இல் உச்ச நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்திருக்கிறது. அப்படி யாராவது வந்தால் தயங்காமல் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

காரின் சந்தை விலை கடன் பாக்கியைவிட அதிகம் என்றால், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு நியாயமான விலைக்கு விற்றுக் கடனை அடைப்பதே நல்லது. மிஞ்சும் பணத்தை உறவினர் ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட வேண்டாம். மனுவுக்கு முந்தைய 3 மாதங்களில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்த தொகையையும் ரிசீவர் திரும்பக் கேட்கலாம். விற்பனை ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்யும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.