குறிஞ்சியும் செண்டுடுக்கும்

அன்புள்ள ஐயா,

கெப்போங்கில் எங்களுடையது மூலை வீடு. பின்புறம் கல்லும் சரளையுமாக ஒரு சரிவு இருக்கிறது. புல் பதித்துப் பார்த்தோம். ஒவ்வொரு பெருமழையிலும் மண்ணோடு சேர்ந்து வழிந்து வந்துவிடுகிறது. அந்த இடத்தில் மலைப்பூக்கள் பூக்கும் பாறைத் தோட்டம் அமைத்து, தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும்படி செய்ய ஆசை. டிசம்பரில் ஊட்டிக்குச் செல்கிறோம். அங்கிருந்து குறிஞ்சி விதை கொண்டுவந்து விதைத்தால் இங்கே வளருமா? முருகனுக்கு உகந்த அந்தப் பூ நம் வீட்டில் பூத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். 2018-இல் கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி பூத்திருந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் விதை கொண்டுவர வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேல், சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில், நல்ல குளிரில் வளர்கிற செடி. பன்னிரண்டு ஆண்டுகள் வெறும் இலையும் தண்டுமாக நின்று, ஒரே பருவத்தில் எல்லாச் செடிகளும் சேர்ந்து பூத்து, விதை உதிர்த்துவிட்டு மடிந்துபோகும். நீங்கள் விதைத்து, அது முளைத்தாலும்கூட, இரவிலும் பெரும்பாலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்காத கெப்போங் புழுக்கத்தில் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்துப் பூக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மேலும், மலையில் விளையும் ஒவ்வொரு விதையும் அந்த மலையின் அடுத்த மலர்ச்சிக்கு உரியது. அதோடு, நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் குற்றம்.

குறிஞ்சியின் உறவுச் செடி ஒன்று நம் நாட்டு வீட்டுத் தொட்டிகளிலேயே இருக்கிறது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. மலாய்க்காரர்கள் ‘பெச்சா காச்சா’ என்று கைமருந்துக்காக வளர்க்கிற, சொரசொரப்பான இலையும் மஞ்சள் பூவும் உடைய செடியும் அதே ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினம்தான்.

ஆனால் உங்கள் சரிவுக்கு நான் பரிந்துரைப்பது செண்டுடுக் என்ற ஊதாப்பூச் செடி. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. பால்மரக் காட்டின் ஓரங்களில் புதராக மண்டியிருக்கும்; வெடித்த காயைப் பறித்துத் தின்றுவிட்டு, கறுத்த நாக்கை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிக்கொண்டு நாம் திரிந்த செடி அது. தாவரவியலார் இட்ட மெலாஸ்டோமா என்ற பெயருக்கும் கிரேக்க மொழியில் ‘கரிய வாய்’ என்றே பொருள். பினாங்கில் தாவரவியல் பூங்காவிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப் பாதையில், கருங்கல் பாறைகளுக்கு நடுவே, வேறு செடிகள் தயங்கும் வறண்ட, புளித்த (அமிலத்தன்மை உள்ள) மண்ணில் அது செழித்து நிற்பதை நான் பல காலைகளில் பார்த்திருக்கிறேன்.

அதன் பூவை ஒருமுறை அருகில் குனிந்து பாருங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவே இரண்டு வகை மகரந்தத் தாள்கள் இருக்கும்: குட்டையான மஞ்சள் தாள்கள் உள்ளே, அரிவாள்போல் வளைந்த நீண்ட ஊதாத் தாள்கள் வெளியே. இந்தப் பூவில் தேன் கிடையாது. கொடுப்பதற்கு மகரந்தம் மட்டுமே உண்டு, அதுவும் தாள் முனையின் சிறு துளைக்குள் அடைபட்டிருக்கிறது. கருவண்டு என்று நாம் சொல்கிற பெரிய தச்சுத்தேனீ வந்து மஞ்சள் தாள்களைக் கவ்விக்கொண்டு, இறக்கைத் தசைகளை அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஒலி ஒன்று ஓரிரு நொடி எழும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் தெறிக்கும். மஞ்சள் தாள்களின் தூள் தேனீக்கு உணவாகிறது. கண்ணில் அதிகம் படாத ஊதாத் தாள்களின் தூள் அதன் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. குறிஞ்சிப் பூவைக் கொண்டு தேன் இழைக்கும் வண்டைச் சங்கப் புலவர் பாடியதைப் படித்து மகிழும் நமக்கு, வீட்டுக் கொல்லையில் நடக்கிற இந்த வேலையைப் பார்க்கவும் கண் வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கல் தேர்வில் மட்டும் கவனமாக இருங்கள். செண்டுடுக் புளித்த மண்ணை விரும்புவது. எனவே சுண்ணாம்புக் கல்லோ, அழகுக்காகப் பரப்பும் வெள்ளைச் சலவைக்கல் சில்லுகளோ வேண்டாம், கருங்கல்லே போதும். அப்படியே விட்டால் ஆளுயரத்துக்கு மேல் போகும் என்பதால், பூத்து ஓய்ந்தபின் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். நாற்று வாங்கும்போது, வெள்ளைப் பூவும் மயிரடர்ந்த இலையும் உள்ள ‘செண்டுடுக் பூலு’வைத் தவிர்த்துவிடுங்கள், அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளில் பரவிவிட்ட அயல் செடி. சரிவின் மேல் விளிம்பில் வெயில் நன்றாக விழுமானால், கேமரன் மலைச் சாலையோரங்களில் மூங்கில் இலையோடு நிற்கும் மூங்கில் ஆர்க்கிட் சிலவற்றை நாற்றங்காலில் வாங்கி நடலாம். வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் வேண்டும், செண்டுடுக்கில் அது இல்லை. ஆகவே நம் நாட்டுக் காட்டு வெட்சி ஓரிரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தச்சுத்தேனீ காய்ந்த மரத்தைக் குடைந்து கூடு கட்டுவது. கொல்லையில் பட்டுப்போன மரக்கட்டை ஏதேனும் கிடந்தால், தூக்கி எறியாமல், மழை படாத ஓரமாகச் சாய்த்து வையுங்கள். பூ ஒரு நாளுக்கு மேல் நிற்காது என்பதால், தேனீயைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள்.

அன்புடன்.