ரோமானியக் கோயில் இடிபாடுகளின் ஆதிப் புகைப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: 1850களின் ரோம் படங்களில் ஆளே இல்லையே, ஊரைக் காலி செய்துவிட்டா எடுத்தார்கள்?

பதில்: ஆளும் இருந்தார்கள், மாடும் மேய்ந்தது. அன்று ஃபோரத்துக்கு (பழைய ரோமின் பொதுத்திடல்) ‘காம்போ வக்சீனோ’, அதாவது மாட்டுத்திடல் என்றே பெயர். நடமாடியவை பதியவில்லை, அவ்வளவுதான். ரோமில் படமெடுத்த ராபர்ட் மெக்பெர்சன் கையாண்ட, முட்டை வெள்ளைக்கரு பூசிய கண்ணாடித் தட்டுக்கு நல்ல வெயிலிலேயே 5 நிமிடம் போல வேண்டும்.

கேள்வி: காகித நெகட்டிவ் செய்முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: நல்ல எழுதுதாளின் ஒரு பக்கத்தில் வெள்ளி நைட்ரேட் பூசி உலர்த்தி, பொட்டாசியம் அயோடைடு கரைசலில் அமிழ்த்தி அலசினால் வெளிர்மஞ்சளாகச் சில்வர் அயோடைடு தங்கும். இந்த நிலையில் தாளை எடுத்து வைக்கலாம். படமெடுக்கும் முன், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வெள்ளி நைட்ரேட்டும் அசெட்டிக், கேலிக் அமிலங்களும் கலந்து மேலே பூசுங்கள். எடுத்தபின் அதே கலவையை மறுபடி பூசினால் உருவம் எழும். ஹைப்போவில் (சோடியம் தயோசல்பேட் கரைசல்) நிலைநிறுத்தி, அலசிக் காயவைத்து, தேன்மெழுகு தடவி இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் தாளில் ஒளி புகும்.

பெரும்பாலும் காலைவாருவது கேலிக் அமிலக் கலவைதான். கலந்து வைத்துவிட்டால் தானே கறுத்துவிடும். வேண்டிய அளவு மட்டும் அவ்வப்போது கலக்க வேண்டும். ரோம் வெயிலில் பூச்சு காய்ந்துபோகும் தொல்லை வேறு. காஃபே கிரெக்கோ என்ற ரோம் காப்பிக்கடையில் கூடிய ஃபிளாஷெரோன், கனேவா முதலிய புகைப்படக்கார வட்டத்தார் தாள் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: வானம் ஏன் வெறும் வெள்ளை?

பதில்: அயோடைடுக்கு நீல ஒளி போதும், உடனே பதியும். தூணுக்குச் சரியான நேரம் வானத்துக்கு மிகை. திட்டுத்திட்டாக வரும் வானத்தை நெகட்டிவில் மை பூசி அடைத்தார்கள். மை விளிம்பு தாண்டினால் கொரிந்தியத் தூண்தலையில் செதுக்கிய இலையின் நுனி காணாமல் போகும். அதைச் சிதைவு என்று குறித்துவிடாதீர்கள்!

கேள்வி: பிரெஞ்சுக்காரர் ஜிரோ த பிராஞ்சேயின் 1842 ரோம் படங்களில் இடம் வலம் மாறியிருக்கிறதே?

பதில்: அவை டாகரோடைப் முறைப் படங்கள். அதில் நெகட்டிவ் கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழுந்த பிம்பமே படம். ஆடி வைத்துத் திருத்தலாம், ஒளி குறையும். சுமார் 19க்கு 24 செ.மீ. தகட்டை நெடுக்காக வெட்டி, நெட்டைத் தூண்களுக்கு ஒடுங்கிய படம் எடுத்தாரே, அதுதான் சாமர்த்தியம்.

கேள்வி: தேதியில்லாத படம், ‘வெஸ்டா கோயில்’ என்று எழுதியிருக்கிறது.

பதில்: டைபர் கரையில், வட்டமாக, ஓட்டுக்கூரையோடு இருந்தால் அது ஹெர்குலிஸ் கோயில். 19ஆம் நூற்றாண்டில் அதைத்தான் வெஸ்டா என்றார்கள். ஃபோரத்து வெஸ்டாவின் தூண்கள் 1930 வாக்கில்தான் மீண்டும் நிறுத்தப்பட்டன. இன்னொன்று, ரோமின் பாந்தியன் கோயில் மேல் இரட்டை மணிக்கூண்டு தெரிந்தால் படம் 1883க்குப் பிந்தியதாக இருக்காது, அந்த ஆண்டில் அவற்றை இடித்துவிட்டார்கள்.