கோபம் வெடிக்கும் பிள்ளை: நோய்க்குப் பெயர் வைக்கும் முன்

இலங்கையின் வன்னியிலுள்ள புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். தரம் 3இல் படிக்கும் எட்டு வயது மகன், சிறிது மறுத்தாலும் கையில் அகப்பட்டதை எறிகிறான், தங்கைக்கு அடிக்கிறான். ஆசிரியர் மிகைச் செயற்பாடு என்கிறார். உறவினர் செல்லம் கூடிவிட்டது என்கின்றனர். அயலவர் நூல் கட்டச் சொல்கின்றனர். எங்கே காட்டுவது, என்ன சொல்வது என்று கேட்கிறார்.

கோபம் வெடிப்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறியே தவிர, தானே ஒரு நோயல்ல. கவனக்குறைவுடன் கூடிய மிகைச் செயற்பாடு, ஓட்டிசம், வாசிப்பு இடர்பாடு, பதகளிப்பு, காது மந்தம், இரவில் மூச்சுத் தடைப்பட்டு உறக்கம் கெடுதல், சில வகை வலிப்பு என எத்தனையோ காரணங்கள் வெளியே ஒரே மாதிரித் தெரியும். கிளினிக்கில் பிள்ளை அமைதியாக அமர்ந்துவிட்டால், வைத்தியருக்கு உங்கள் வாய்மொழியே ஆதாரம்.

ஆகவே இரண்டு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ‘சரியான குழப்படி’ என்று எழுதிப் பயனில்லை. ‘மாலை 6 மணி, வாசிப்புப் புத்தகத்தை எடுக்கச் சொன்னதும் மேசையைத் தள்ளினான், இருபது நிமிடம் நீடித்தது, பிறகு அம்மம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான்’ என்ற குறிப்பு வைத்தியருக்கு வழிகாட்டும். வாசிக்கச் சொல்லும்போதே வெடிப்பானாயின் கற்றல் இடர்பாட்டைத் தேட வேண்டும். வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், நடந்ததை மறந்திருந்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். வெடிப்புகளுக்கு இடையிலும் அநேகமாக நாள் முழுவதும் எரிச்சலாகவே இருக்கும் பிள்ளைகளுக்கென 2013இல் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் தனிப் பெயரொன்று சேர்க்கப்பட்டது. சிறுவருக்கு இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுமீறி உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் நோய்) என்ற முத்திரை அளவுமீறிக் குத்தப்படுகிறது என்ற கவலையே அதற்குக் காரணம். அந்தப் பெயருக்கும் வாரத்துக்குச் சராசரி மூன்று வெடிப்பாவது, ஓராண்டாவது, வீடு, பாடசாலை போன்ற இரண்டு இடங்களிலாவது என்ற நிபந்தனைகள் உண்டு.

கொடுக்கும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். தொய்வுக்கு (ஆஸ்துமா) தரப்படும் மொண்டிலூகாஸ்ட் குளிசை சில பிள்ளைகளில் எரிச்சலையும் ஆக்ரோஷத்தையும் உண்டாக்கலாம் என்பதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. ஆனால் வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

வன்னியில் எதற்கும் 2009இன் இறுதிப் போரைக் காரணம் காட்டுவது எளிது. மகன் அதன் பின் பிறந்தவன். எனினும் பெரியவர்களின் உறக்கமின்மை, திடுக்கிடல், குடி, அடி ஆகியவை பிள்ளையைத் தொடும், ஆகையால் அவற்றையும் சொல்லுங்கள். அதற்காகக் காதுப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. நூல் கட்டுவதில் தீங்கில்லை, கிளினிக் திகதி தவறாதவரை.

முதலில் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டி, கண், காது, உறக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கடிதத்துடன் கிளிநொச்சி அல்லது வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும், தேவையாயின் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் செல்லலாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, பாடசாலைக் கொப்பிகள், ஆசிரியர் எழுதிய கடிதம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். ஒரு பெயர் சொல்லப்பட்டால், வேறு எவற்றை விலக்கினீர்கள், எப்போது மீளப் பார்ப்பீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தன்னையோ தங்கையையோ கடுமையாகக் காயப்படுத்த முற்பட்டால் திகதிக்குக் காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்; ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் உண்டு.