வாரியலைத் தொடாதீர்கள் தம்பி

பாளையங்கோட்டையிலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் ஆல்புகெர்க்கி நகரத்துக்கு வந்திறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஊருக்கு வெளியே வாடகை குறைவான பழைய வீடு கிடைத்திருக்கிறது. கராஜ் முழுக்க எலிப்புழுக்கை. கூட்டிவிட்டுக் குடிபோகலாமா? மாதச் செலவு எவ்வளவு ஆகும்? பொன்னி அரிசி எங்கே கிடைக்கும்?"

அரிசியையும் செலவையும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். புழுக்கையைக் கூட்டாதீர்கள்.

நானும் இதே நியூ மெக்சிகோவில் முதல் வருஷம் அப்படியொரு வீட்டில்தான் இருந்தேன். அம்பாசமுத்திரத்தில் நெல் குதிருக்குப் பின்னால் புழுக்கை கிடந்தால் ஆச்சி வாரியலால் கூட்டித் தள்ளிவிடுவாள். அதே பழக்கத்தில் நானும் ஷெட்டைத் தூசி பறக்கக் கூட்டினேன். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். தொடையும் இடுப்பும் அடித்துப் போட்டதுபோல் வலி. மூக்கு ஒழுகவில்லை. ஃப்ளூ என்று ஒரு கிளினிக்கில் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் எலி உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்தாம் நாள் இருமல், அன்று ராத்திரியே மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருப்பதைப் பார்த்த டாக்டர்தான் எலியைப் பற்றிக் கேட்டார்.

ஹாண்டா வைரஸ். நுரையீரலைத் தாக்கும் இந்த வகையை 1993இல் இந்தப் பகுதியில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். முதுகு பழுப்பு, வயிறு வெள்ளையாக இருக்கும் டீர் மௌஸ் என்ற காட்டு எலியின் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து, தூசியோடு மூச்சில் ஏறும். காய்ச்சல் வர எட்டு வாரம்கூட ஆகலாம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டால் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் பிழைப்பதில்லை. நம்மூர் எலிக்காய்ச்சல் வேறு, அது பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக்குக் கேட்கும். இதற்கென்று மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஆக்சிஜன், வென்டிலேட்டர், முற்றினால் உடம்புக்கு வெளியே வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரம், அவ்வளவுதான். அதனால் காய்ச்சல் வந்தால் டாக்டர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், எலிப்புழுக்கை இருந்த இடத்தில் புழங்கினேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

கராஜ் முழுக்க என்றால் வீட்டுக்காரரை ஆள் வைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சமாக இருந்தால், கதவைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே நில்லுங்கள். அப்புறம் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, நன்றாக நனைய அடித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டுப் பேப்பர் டவலால் எடுங்கள். வாக்குவம் கிளீனரும் கூடாது.

டாலர் மிச்சம்பிடிக்கச் சொல்லித்தரும் நம் ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். "அமெரிக்காவில் எலியா?" என்பார்கள். நான் ஸ்டீல் வுல் என்ற இரும்பு நாரை வைத்துப் பொந்தடைக்கக் கற்றுக்கொண்டேன். பதினெட்டு வருஷமாக என் வீட்டில் ஓர் எலி கிடையாது.

போன தடவை ஊருக்குப் போனபோது, ஆச்சி வாசலுக்குத் தெளிப்பதுபோல் குதிருக்குப் பின்னாலும் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வாரியலை எடுத்தாள். "நீ வந்திருக்கியேன்னுதான்" என்றாள்.