நல்ல புரோகிராமை ஏன் அந்த ஏரியாவில் வைத்தார்கள்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாலஸிலிருந்து தலைநகர் வாஷிங்டன் டி.சி. பக்கம் மாற்றல். பெண் ஏழாம் வகுப்பு, கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் சாப்பிடக்கூட எழுந்து வருவதில்லை. வீடு பார்க்க உங்களிடம் இருப்பது இரண்டே மாதம். இதற்கு நடுவில் உங்கள் தோழி சொன்ன ஒரு வார்த்தை உங்களைத் தூங்கவிடவில்லை: "பிளேர் மேக்னட் நல்லதுதான், ஆனா அந்த ஏரியா சரியில்ல. இவ்வளவு நல்ல புரோகிராமை ஏன் அங்க கொண்டுபோய் வச்சாங்கன்னே தெரியல."

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அது தெரிந்தால் எங்கே வீடு வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேக்னட் என்றால் காந்தம். பல பகுதிகளிலிருந்தும் விண்ணப்பிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புப் படிப்புத் திட்டத்துக்கு அந்தப் பெயர். காந்தத்தின் வேலை இழுப்பது. எல்லாரும் ஏற்கெனவே போகத் துடிக்கும் இடத்தில் காந்தம் வைக்க யாருக்கும் தேவை இல்லை. அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் மக்கள் குடியிருக்கும் தெருக்களே பிரிந்து கிடந்ததால், பள்ளிகளும் பிரிந்தே இருந்தன. பிள்ளைகளைக் கட்டாயமாக வேறு பகுதிப் பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பிப் பார்த்தார்கள். 1974-ல் பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பேருந்துகள் மீது கல்லெறிந்தார்கள். பல ஊர்களில் வசதியான குடும்பங்கள் பேசாமல் புறநகருக்கு வீடு மாறிவிட்டன.

இன்னொரு வழியும் அதற்கு முன்பே முளைத்திருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில், கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படித்த மெக்கார்வர் ஆரம்பப் பள்ளியை 1968-ல் ஒரு தனிச் சிறப்புப் பள்ளியாக மாற்றி, வெள்ளைக் குடும்பங்கள் தாங்களாகவே விரும்பிப் பிள்ளைகளை அனுப்பும்படி செய்தார்கள். நாட்டின் முதல் மேக்னட் பள்ளி என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். 1984-ல் மத்திய அரசு மேக்னட் பள்ளிகளுக்கென்றே நிதி உதவித் திட்டம் கொண்டுவந்தது. இனப் பிரிவினையைக் குறைக்கும் திட்டம் கையில் இருக்கும் பள்ளி மாவட்டங்களுக்கே அந்தப் பணம். எந்தப் பள்ளியில் வைப்பது என்பதை இந்த நோக்கமும் சேர்ந்துதான் முடிவு செய்தது.

இப்போது உங்கள் தோழி சொன்ன மாண்ட்கமரி பிளேர் பள்ளிக்கு வருவோம். மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கமரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), சில்வர் ஸ்பிரிங் பகுதியில் இருக்கிறது. எண்பதுகளில் அது வெய்ன் அவென்யூவில் பழைய கட்டடத்தில் இருந்தது. எல் சால்வடார், வியட்நாம், எத்தியோப்பியா என்று பல நாடுகளிலிருந்து குடும்பங்கள் அந்தப் பகுதிக்கு வந்துகொண்டிருந்தன. வெள்ளைக் குடும்பங்களோ குறைந்துகொண்டே போயின. அந்த நிலையில்தான் 1985-ல் கணிதம், அறிவியல், கணினி மேக்னட்டை அங்கே தொடங்கினார்கள். பெதஸ்டா போன்ற வசதியான பகுதிகளில் ஏற்கெனவே நல்ல பெயரெடுத்த பள்ளிகள் இருந்தன. அங்கே வைத்திருந்தால் ஒரு பிள்ளைகூட இந்தப் பக்கம் வந்திருக்காது. சில்வர் ஸ்பிரிங்கில் வைத்ததால் பெதஸ்டா பிள்ளை பேருந்து ஏறி இங்கே வந்தது. நடந்தது தற்செயல் இல்லை, யோசித்துச் செய்த ஏற்பாடு.

பிளேர் 1998-ல் ஃபோர் கார்னர்ஸ் பகுதியில் புதுக் கட்டடத்துக்கு மாறியது. இன்று 3,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். அதில் மேக்னட் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டு வகுப்பிலும் சுமார் 100 பேர்தான். கணக்கு, அறிவியல், கணினி வகுப்புகளில் அவர்கள் ஒன்றாக உட்கார்வார்கள். ஆங்கிலம், வரலாறு, இசை, விளையாட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் மற்ற பிள்ளைகளோடுதான். இதை 'பள்ளிக்குள் பள்ளி' என்பார்கள்.

வீடு விற்கும் இணையதளங்களில் பள்ளிக்கு ஒரு எண் போட்டிருப்பார்களே, அதை நம்பி நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அந்த எண் மொத்தப் பள்ளியின் சராசரி. நேற்று விமானத்தில் வந்திறங்கி ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையும், பத்தாவதிலேயே கல்லூரிக் கணக்குப் போடும் பிள்ளையும் அதில் ஒரே கணக்கில் வருகிறார்கள். உங்கள் பெண் உட்காரப்போகும் வகுப்பறையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அந்தப் பள்ளியின் மற்ற 2,500 சொச்சம் பிள்ளைகளின் உழைப்பைப் பற்றியும் சொல்லாது. அவர்களைக் குறைத்துப் பேசும் பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்கள் பெண்ணின் காதில் அந்தப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இசைக்குழுவில் பக்கத்தில் உட்காரப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

இடம் தேர்வதில் பிரிவினையைக் குறைப்பது ஒரு காரணம் மட்டுமே. காலி இருக்கை இரண்டாவது காரணம். பயண தூரம் மூன்றாவது. இரண்டும் சேர்ந்து வந்த இடம் பூல்ஸ்வில். கவுண்டியின் மேற்குக் கோடியில், வயல்வெளிக்கு நடுவே உள்ள சின்ன ஊர். கட்டடம் கட்ட விடாமல் விவசாயத்துக்கென்று ஒதுக்கிய நிலம் சுற்றிலும் இருப்பதால் அங்கே குடும்பங்கள் பெருகவில்லை, உயர்நிலைப் பள்ளியில் இடம் மிச்சம் இருந்தது. அதே சமயம் ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் என்று வடக்கே வீடுகள் மளமளவென்று எழுந்தன. அங்கிருந்து பிளேர் போக ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். அதனால் 2006-ல் பூல்ஸ்விலில் இன்னொரு மேக்னட் வந்தது. எனவே 2025 நிலவரப்படி கிளார்க்ஸ்பர்க் முகவரி என்றால் பூல்ஸ்வில், பெதஸ்டா அல்லது சில்வர் ஸ்பிரிங் முகவரி என்றால் பிளேர்.

பாருங்கள், பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கினாலும், பத்து மைல் தள்ளி வாங்கினாலும், அதே எல்லைக்குள் இருந்தால் விண்ணப்பம் ஒன்றுதான். மேக்னட் பள்ளியின் வாசலில் குடியிருக்க நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குச் சீட்டு கிடைக்காது, தூக்கம் வேண்டுமானால் கிடைக்கும். அது சின்ன விஷயம் இல்லை, பின்னால் சொல்கிறேன்.

போட்டோமேக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வர்ஜினியா மாநிலத்தில் கதை வேறு. தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி, எல்லாரும் 'டி.ஜே.' என்று சொல்வது, 1985-லேயே அறிவியல் தொழில்நுட்பப் பள்ளியாக மாறியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக நடந்துவந்த சாதாரணப் பள்ளி அது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து கட்டடம் கைவசம் இருந்தது. இங்கே பள்ளிக்குள் பள்ளி கிடையாது, முழுப் பள்ளியுமே தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். ஃபேர்ஃபாக்ஸ், லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன் கவுண்டிகளில் இருந்தும் ஃபால்ஸ் சர்ச் நகரில் இருந்தும் சேரலாம். மேரிலாந்து முகவரியை வைத்துக்கொண்டு சேர முடியாது. இது தெரியாமல் மேரிலாந்தில் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

டி.ஜே. விஷயத்தில் நம்மவர்கள் இன்னும் பழைய கணக்கையே போடுகிறார்கள். முன்பு நுழைவுத் தேர்வு இருந்தது. ரேச்சல் கார்சன், லாங்ஃபெல்லோ போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நடுநிலைப் பள்ளிகளிலிருந்தே பெரும்பாலான பிள்ளைகள் போனார்கள். அதனால் அந்த எல்லைக்குள் வீடு வாங்க ஒரே போட்டி. 2020 இறுதியில் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது 550 இடங்கள். ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது, மீதி இடங்களுக்குப் பொதுப் போட்டி. மதிப்பெண் சராசரி நான்குக்குக் குறைந்தது 3.5, எட்டாவதில் குறைந்தது அல்ஜீப்ரா 1, அப்புறம் பிள்ளையே எழுத வேண்டிய கட்டுரைகள். இதை எதிர்த்துப் பெற்றோர் போட்ட வழக்கில் 2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் புது முறையே செல்லும் என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

உங்களுக்கு இதன் பொருள்: எல்லாரும் துரத்துகிற நடுநிலைப் பள்ளிக்கு விழுந்தடித்துப் போனால், உங்கள் பெண் அதே 1.5 சதவீதத்துக்குப் பெரிய கூட்டத்தோடு நிற்பாள். அவ்வளவாகப் பேசப்படாத பள்ளியில் படித்தால் வாய்ப்பு குறையாது, கூடலாம். அதற்காகச் சீட்டைக் குறிவைத்துச் சுமாரான பள்ளியைத் தேடிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. விதி மாறினால் அந்தக் கணக்கும் கவிழும்.

முகவரியை வைத்து இடம் பங்கிடுவது இந்தப் பகுதியோடு நிற்கவில்லை. ஒரு பிள்ளையின் இனத்தைத் தனியாகப் பார்த்து அதை வைத்துப் பள்ளி ஒதுக்குவதற்கு 2007-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபின், பல மாவட்டங்கள் வருமானத்தையும் முகவரியையும் பார்க்கத் தொடங்கின. சிகாகோவில் ஊரையே வசதியின் அடிப்படையில் நான்கு அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். தேர்வு வைத்துச் சேர்க்கும் உயர்நிலைப் பள்ளிகளில் 30 சதவீதம் வெறும் மதிப்பெண்ணுக்கு, மீதி 70 நான்கு அடுக்குக்கும் சமமாக. வசதியான தெருவில் வீடு வாங்கினால் அங்கே கட்-ஆஃப் ஏறும்.

சரி, வீட்டுக்கு வருவோம். நான் பெற்றோரிடம் எப்போதும் கேட்பது ஒன்றுதான். மேக்னட் கிடைக்காமல் போனால், அந்த முகவரிக்குரிய சாதாரணப் பள்ளியில் உங்கள் பெண்ணை நான்கு வருடம் நிம்மதியாகப் படிக்க வைப்பீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள். இல்லை என்றால் மேக்னட்டை நம்பி வாங்காதீர்கள். வீட்டுக் கடன் 30 வருடம், மேக்னட் விதிகள் அப்படி நிலையாக இருப்பதில்லை. மாண்ட்கமரி கவுண்டியே தன் சிறப்புத் திட்டங்களை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து அமைக்கும் யோசனையை 2025-ல் முன்வைத்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியை மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வருவது பெரும்பாலும் மூத்த பிள்ளையைச் சேர்த்தபோது இருந்த விதி.

நீங்கள் குறிப்பிட்ட லவுடன் வீடும் யோசிக்கத் தக்கதே. டி.ஜே.க்கும் விண்ணப்பிக்கலாம், லீஸ்பர்கில் 2018-ல் திறந்த அகாடமீஸ் ஆஃப் லவுடன் என்ற அறிவியல், தொழில்நுட்பப் பள்ளியும் உண்டு. அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்விட்டு, மற்ற நாட்களில் சொந்தப் பள்ளியிலேயே படிப்பார்கள். பழைய தோழிகளை விட்டுப் பிரிய மனமில்லாத பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

இப்போது அந்தத் தூக்க விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டதால், டிசம்பர் மாதம் ஒரு காலை அவர்களோடு மேக்னட் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். மணி ஆறரை. நல்ல இருட்டு. பிள்ளைகள் யாரும் பேசவில்லை. ஒரு பையன் கைபேசி வெளிச்சத்தில் இயற்பியல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். பேருந்து வந்ததும் ஏறி, பையை மடியில் வைத்து அதன்மேல் தலையைச் சாய்த்துவிட்டான். 7:45-க்குப் பள்ளி தொடங்குகிறது. ராத்திரி ரோபோடிக்ஸ் முடிந்து வீட்டுப்பாடத்தையும் முடித்துப் படுத்தால் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அந்த வகுப்பின் சந்தோஷம் இந்தக் களைப்பை மறக்கடித்துவிடும். சிலருக்கு மறக்கடிக்காது. அந்தக் குடும்பத்துப் பெண் மேக்னட்டே வேண்டாம் என்று தன் பகுதிப் பள்ளியிலேயே சேர்ந்தாள். பதினோராவதில் மாண்ட்கமரி கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தாள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

கல்லூரி இடத்துக்காக மட்டும் மேக்னட் என்றால் நான் வேண்டாம் என்பேன். அங்கே உங்கள் பெண்ணோடு படிக்கும் 100 பேரும் அதே கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பம் போடுவார்கள். ஒரு கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவிக்கிற பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பியுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பெண் அந்த ரகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதை அவள் வாயால் கேட்க வேண்டும்.

வீடு பார்க்க வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். பிடித்த வீட்டிலிருந்து ஒரு வார நாளில் காலை ஆறரைக்குக் காரில் கிளம்பிப் பள்ளி வரை போங்கள். வாசலில் பத்து நிமிடம் நின்று, உள்ளே போகும் பிள்ளைகளை அவள் பார்க்கட்டும். திரும்பும் வழியில் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.